பட்டி நின்ற காணி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அக்காவை நான் ஒருநாளும் "அவர்கள்" என்று அழைத்ததில்லை. நீ, வா, போ தான். இது நினைவு மலர், நாலு பேர் கைக்குப் போகும், மரியாதையாக எழுது என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். சரி, மரியாதையாகவே எழுதுகிறேன். ஆனால் அக்காவைப் பற்றி ஓர் இடத்தில் இருந்து எழுத என்னால் ஏலாது. இந்த நாலு வரி எழுதுவதற்குள் எழும்பி எழும்பி மாட்டடிக்குப் போய் வந்துவிட்டேன். பேனையை எங்கே வைத்தேன் என்று தேடுவதே ஒரு வேலையாகிவிட்டது.

அக்கா கண்மூடி முப்பத்தோராம் நாள் வருகிறது. வெளியே வானம் இருட்டிக்கொண்டு நிற்கிறது. புரட்டாதி பிறந்து, வட்டையில் விதைப்புக் கூட்டமும் முடிந்துவிட்டது. வட்டை என்றால் எங்கள் வயல்வெளி; அங்கே நிற்கும் மாடுகளை வெளியேற்ற நாள் குறித்தாயிற்று. அக்காவின் மாட்டுப்பட்டியை என்ன செய்வது என்ற பேச்சு செத்த வீட்டிலேயே தொடங்கிவிட்டது. "வித்துப்போட்டா நிம்மதி. இனி ஆர் பாக்கிற?" என்று தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் இந்த மலர் கிடைக்கும். கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிக்கட்டும்.

அக்கா பிறந்தது ஆற்றுக்கு மேற்கே, படுவான்கரையில். மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அக்கா மூத்த பிள்ளை. எங்கள் இருவருக்கும் இடையில் பிறந்தவை தங்கவில்லை. அதனால் நான் நடை பழகும்போதே அக்கா அம்மாவோடு வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். படிப்பில் கெட்டிக்காரி. அப்பா காய்ச்சலில் போனதோடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்காக அழுதாரா என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "அழ எங்க நேரம்? மாடு அவிழ்க்கப் போயிட்டாள்" என்றார் அம்மா.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் வயலும் பெண்பிள்ளைகளுக்குத்தான். அம்மாவுக்கு அவரது அம்மாவிடமிருந்து வந்த வயலில், குளத்தை ஒட்டிய பள்ளக்காணி அக்காவின் சீதனமாயிற்று. காட்டோரம் இருந்த மேட்டுக்காணி எனக்கென்று வைக்கப்பட்டது. பள்ளக்காணி நல்ல மண். மேட்டுக்காணி வெளிறிய மணல். எவ்வளவு பசளை போட்டாலும் விழுங்கிவிட்டுச் சும்மா கிடக்கும். அதை நம்பித்தான் என் கலியாணம் இருந்தது. இதை மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

அத்தான் நல்ல மனிதர். சிரித்த முகம். மகள் தவழத் தொடங்கிய காலம். ஒரு காலை ஆற்றைக் கடந்து எழுவான்கரைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. தேடாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. அந்தக் காலத்தில் அப்படிப் போன வீடு எங்களுடையது மட்டுமில்லை. இந்த மலரை வாசிக்கும் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு அக்கா ஓர் இடத்தில் இருந்ததை நான் காணவில்லை. சோறு தின்றால்கூட நின்றுகொண்டுதான். "கொஞ்சம் இரன் அக்கா" என்றால், "இருந்தா நினைவு வருது" என்பார். அவ்வளவுதான். மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

சண்டை கடுமையான அந்த வருடங்களில் இராணுவத்தினர் எங்கள் கரைக்கு ஒன்றும் வரவிடமாட்டார்கள். ஆற்றைக் கடக்க மிதவைப் பாதையில் ஏறும் துறையிலேயே எல்லாவற்றையும் கொட்டிப் பார்ப்பார்கள். யூரியாவுக்கு அனுமதி இல்லை. டீசலுக்கு அனுமதி இல்லை. பற்றரி வாங்கிவந்தவரை வெயிலில் நிற்க வைத்ததைக் கண்டிருக்கிறேன். உழவு மெசின்கள் மாமரத்துக்குக் கீழே கோழி அடையும் கூடுகளாகிப் போயின. பசளை இல்லாமல் வேளாண்மை மஞ்சள் பிடித்து, விதைத்ததையே திருப்பி எடுத்தால் போதும் என்ற நிலை வந்தது.

அந்த நேரத்தில்தான் மாட்டின் அருமை தெரிந்தது என்று இன்று எல்லாரும் மேடையில் பேசுகிறார்கள். பொய். அந்த நேரத்தில் எல்லாரும் மாட்டை விற்கத்தான் நின்றார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. வழமையாக வேளாண்மை வெட்டிய பிறகு மாடுகள் வட்டைக்குள் வந்து அறுத்த தாளை மேயும். புரட்டாதியில் விதைப்பு வந்ததும் அவற்றை மேற்கே காட்டோர மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துவிடுவோம். பயிரும் மாடும் ஒன்றையொன்று காணாமல் மாறி மாறி இருக்கும். இப்போது மேற்கே போகும் வழியெல்லாம் ஷெல் விழுந்தது. முந்திய வருடம் போன மாடுகளில் பாதி வரவில்லை, தேடிப்போனவரும் வரவில்லை. மாட்டை வெளியேற்றவும் முடியாது, பயிருக்குள் வைத்திருக்கவும் முடியாது. வியாபாரிகள் துறையடியில் வந்து நின்று அடிமாட்டு விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோயில் முன்றலில் கூட்டம் நடந்தது. வட்டை விதானை, அதாவது வயல்வெளிக்குப் பொறுப்பானவர், எங்களுக்கு மாமா முறை. அவர் எழும்பி, "இந்த முறை மாட்டை வைச்சிருக்க ஏலாது. ஒண்டில் வித்துப்போடுங்க, இல்லாட்டி எங்கயாவது கொண்டுபோய் விடுங்க" என்றார். எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். அக்கா பெண்கள் பக்கத்தில் நின்றார், வழமைபோல நின்றுகொண்டுதான்.

"மாமா, மாட்டை வித்தா வைகாசியில உழவுக்கு என்ன செய்யிற? மெசினுக்கு டீசல் வருமா?"

"அதுக்கு நான் என்ன புள்ள செய்ய?"

"எங்கட மேட்டுக்காணிய இந்த மாரிக்கு விதைக்காம விடுறன். சுத்திவர முள் வளைச்சு அடைப்பம். ஊர் மாடு முழுக்க அதுக்குள்ள நிக்கட்டும். மாடு விடுற ஒவ்வொரு வீட்டாரும் தங்கட வரம்புப் புல்லை அறுத்து நாளைக்கு ஒரு கட்டுக் கொண்டு வரவேணும். வைக்கல் நான் தாறன்."

எங்கட மேட்டுக்காணி! கேட்டீர்களா? அது என்னுடைய காணி. நான் கூட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். என் முகத்தை ஒருமுறை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டபடியால் நான் அங்கே ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்துதான் பேசினேன்.

"அக்கா, அது என்ட காணி."

"ஓம், உன்ட காணிதான். ஆர் இல்லண்டது?"

"அப்ப உன்ட காணிய விடன்!"

"என்டது பள்ளம் புள்ள. மாரியில மாடு தண்ணிக்குள்ள நிண்டா குளம்பு அழுகிப் போகும்."

"மாட்டுட குளம்பு அழுகக் கூடாது. என்ட கலியாணம் அழுகினாக் காரியமில்ல, என்ன?"

அக்கா கத்தியை எடுத்துக்கொண்டு முள் வெட்டப் போய்விட்டார். நான் கத்திக்கொண்டே பின்னால் போனேன். கத்திக்கொண்டே முள்ளும் இழுத்தேன், அது வேறு கதை.

பட்டி நின்றது. மழை கொட்டியது. எங்கள் மாடு, விதானை மாமாவின் மாடு, ஊரில் மாட்டை விற்காமல் நின்ற கால்வாசிப் பேரின் மாடு, பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் கொண்டுவந்த எருமைகள் எல்லாம் என் சீதனத்துக்குள். அடைப்பை அக்கா ஒரே இடத்தில் வைக்கவிடமாட்டார். மண் சேறாகுமுன் கட்டைகளைப் பிடுங்கி அடுத்த துண்டில் நடவேண்டும். "பட்டிய மாத்துங்க, பட்டிய மாத்துங்க" என்று விடிந்தால் பொழுதுபட்டால் அதே சத்தம். இப்படிக் காணியின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பட்டி ஊர்ந்துகொண்டே போனது. எருவும் மூத்திரமும் விழாத ஒரு சாண் நிலம் இல்லை. வரம்புப் புல்லை எல்லாரும் அறுத்ததால் எலி ஒளிக்க இடமில்லாமல் போய், எலிவெட்டும் குறைந்தது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பால் கறந்து தயிர்ச் சட்டிகளைக் களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குக் கொண்டுபோக மட்டும் துறையில் மறிக்கமாட்டார்கள். பிள்ளைகளுக்குச் சட்டையும் விளக்குக்கு எண்ணெயும் அந்தத் தயிரில்தான் வந்தன. வயல் கைவிட்ட வருடம் மாடு சோறு போட்டது. இதை நான் கோபத்தோடுதான் ஒத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் எங்கள் பசு ஒன்று முள்ளை உடைத்துக்கொண்டு போய் விதானை மாமாவின் பயிரில் ஒரு மூலையை மொட்டையாக்கிவிட்டது. மாமா எப்படியோ பழைய யூரியாவைப் பதுக்கிவைத்துப் போட்டிருந்தார். வட்டையிலேயே அவருடைய வேளாண்மை மட்டும் கொழுத்து நின்றது. சும்மா விடுவாரா? எங்கள் வாசலில் வந்து நின்று ஏசின ஏச்சு ஆறு கடந்து கேட்டிருக்கும். அக்கா தலைகுனிந்து கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மார்கழியில் வாடைக்காற்று அடித்தது. மாமாவின் பயிர் முழுக்கப் பாயாகப் படுத்துவிட்டது. இந்தச் சம்பவத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாப்பிள்ளை வீட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நல்ல குடும்பம். பெயர், ஊர் வேண்டாம். சிலர் இன்றைக்கும் எங்களுக்கு உறவு. பேச்சு நல்லபடியாக நடந்து, காணி பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். அம்மா பதறினார். "மாட்டைக் கொஞ்சம் மறைவாக் கட்டன்" என்று அக்காவிடம் கெஞ்சினார். ஊர் மாடு முழுவதையும் எங்கே மறைப்பது?

வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமி வெள்ளைச் செருப்புப் போட்டிருந்தார். மழைவிட்ட காலை. வரம்பில் நடக்கத் தெரியாமல் ஒரு கால் சரிந்து நேராகச் சாணிக்குள் போய்விட்டது. அவர் காலைத் தூக்கிப் பார்த்தார், காணியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இதுதான் சீதனக் காணியோ? இது மாட்டுப்பட்டி தானே!"

"இந்த மாரிக்கு மட்டும்தான் மாமி. அடுத்த மாரிக்கு வந்து பாருங்க" என்றார் அக்கா. கை இரண்டும் முழங்கை வரை எரு. அந்தக் கையோடேயே தண்ணீர்ச் செம்பை நீட்டினார். அவர்கள் குடிக்கவில்லை. தயிரும் வேண்டாம் என்றார்கள். போகும்போது மாமி அம்மாவிடம், "பாவம், சின்னவள்ள ஒரு பிழையுமில்ல. மூத்தவள் அவள்ர காணிய நாசமாக்கிப் போட்டாள்" என்று எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார். ஊரும் அதையே சொன்னது. கிணற்றடியில், கோயிலில், துறையில் எங்கும் அதே பேச்சு. தங்கச்சியின் வாழ்க்கையில் மண் போட்ட அக்கா. என்னைக் கண்டால் எல்லாரும் பரிதாபமாகத் தலையாட்டுவார்கள். அக்காவைக் கண்டால் முகத்தைத் திருப்புவார்கள். நான் அழுது, பாத்திரம் உடைத்து, அக்காவோடு பேசாமல் இருந்து பார்த்தேன். பேசாமல் இருக்கவும் முடியாது. ஒரு பசுவை இரண்டு பேர் பிடித்துக் கறக்கவேண்டியிருந்தது.

அடுத்த புரட்டாதி வந்தது. விதானை மாமாவின் மாடுகளும் எங்கள் காணியில் நின்று பிழைத்தவை என்றபடியால், பட்டியை இந்த முறை தன் மேட்டுத் துண்டில் வைக்கச் சொல்லி அவரே விட்டார். முணுமுணுத்தபடிதான் விட்டார். என் காணியைக் கொத்திப் பார்த்தபோது மண் கறுப்பாக இருந்தது. வெளிறிய மணல் என்று நான் சொன்ன அதே மண்தான். கையில் எடுத்தால் ஈரமாக உதிர்ந்தது. மெசின் இல்லை. பக்கத்து ஊர் எருமைக்காரர், முந்திய மாரியில் தன் எருமைகளைக் காத்துக் கொடுத்த கைமாறாக, அவற்றைக் கொண்டுவந்து மிதிக்கவைத்துப் பதப்படுத்தித் தந்தார். வாய் திறந்து ஒரு சொல் பேசாத மனிதர். எருமையோடு மட்டும் பேசுவார்.

விதைத்தோம். பயிர் வந்தது. அடேயப்பா, அப்படி ஒரு பயிரை நான் அதற்கு முன் கண்டதில்லை. சுற்றிவரப் பசளையில்லாத மஞ்சள் வயல்கள். நடுவில் என் காணி மட்டும் கரும்பச்சை. ஆட்கள் வரம்பில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். விதானை மாமாவே, "புள்ள, உன்ட காணிதான் இம்முறை வட்டைக்கு ராசா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கட்டும் என்று மனதுக்குள் ஆயிரம் தரம் சொல்லிக்கொண்டேன்.

அக்காவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. காலையும் மாலையும் போய்ப் பயிரைத் தடவிப் பார்ப்பார். தாளை ஒடித்துப் பார்ப்பார். "இது கூடாது புள்ள. ஆகலும் கொழுத்திற்று. ஊர் மாட்டுட எரு முழுக்க ஒரு காணிக்குள்ள போட்டுட்டம். நான் கணக்குப் பிழைச்சிட்டன். கதிர் வரக்குள்ள வாடை அடிச்சா முழுக்க விழுந்திடும்" என்றார்.

"உனக்கு என்ட காணி நல்லா வாறது பிடிக்கல்ல" என்றேன் நான்.

இரண்டு நாள் கழித்து ஒரு காலை. ஐப்பசி கடைசி, பெருமழைக்கு முந்திய வெயில். நான் தயிருக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் நின்று, "ஐயோ, இஞ்ச ஓடிவாகா!" என்று கத்தினார். ஓடினேன். என் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். அக்கா என் காணியின் வேலிக் கடப்பை அகலத் திறந்துவிட்டு, எங்கள் பசுக்களைப் பயிருக்குள் சாய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

வெளியூரார் இதன் பாரதூரத்தை விளங்கமாட்டார்கள். வட்டையில் கொலைகாரனைக்கூட மன்னிப்பார்கள். பயிருக்குள் தெரிந்து மாடு விட்டவளை மன்னிக்கமாட்டார்கள். அதுவும் தங்கச்சியின் பயிருக்குள். நான் தொண்டை கிழியக் கத்தினேன். "அக்கா! உனக்கு விசரா? என்னைச் சாகடிச்சுப்போட்டு மாட்டை விடு!" மாடுகள் தலை நிமிராமல் நறுக் நறுக்கென்று மேய்ந்தன. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் கேட்கிறது. மறுவரம்பில் எருமைக்காரர் கம்பை நீட்டிப் பிடித்து, மாடு ஓர் இடத்தில் நில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். அவரையும் ஏசினேன். வாயில் வந்ததெல்லாம் ஏசினேன்.

விதானை மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "என்ன வேலை இது? பைத்தியமா உனக்கு?"

"மாமா, போன மாரியில உங்கட பயிர் முழுக்க விழுந்திச்சு. விழாம நிண்டது எது?"

மாமா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"எங்கட பசு திண்ட மூலை. அது கட்டையா, அடர்த்தியா வந்து நிண்டிச்சு. நீங்க ஏச வந்த மும்முரத்தில அதைப் பாக்கல்ல. நான் ஒவ்வொரு நாளும் பாத்தனான்."

"அது ஒரு மூலை. இது முழுக் காணி. திரும்ப வராட்டி?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் பார்க்காத பார்வை. "வராட்டி என்ட பள்ளக்காணி இவளுக்கு. எல்லாரும் கேளுங்க, அது இவளுக்கு."

வெயில் ஏறும்வரைதான் மேயவிட்டார். பிறகு அக்கா சீழ்க்கை அடித்தார். எருமைக்காரர் மாடுகளை ஒரே மூச்சில் வெளியே சாய்த்தார். காணி மொட்டையடித்த தலையாகக் கிடந்தது. நான் வரம்பில் குந்தியிருந்து அழுதேன். அக்கா கடப்பைக் கட்டிவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து கொஞ்ச நாள் அக்கா சோறு சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நான் கவனித்தேன். காணிப் பக்கம் போவார், பாதி வழியில் திரும்புவார். நானும் அப்படித்தான். ஒருவரையொருவர் வரம்பில் கண்டு, காணாததுபோல் போவோம்.

பயிர் திரும்ப வந்தது. கட்டையாக, தூர் வெடித்து, அடர்த்தியாக வந்தது. மார்கழி வாடை மூன்று நாள் விடாமல் அடித்தது. விடிந்ததும் எல்லாரும் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது என் காணியைத்தான். நின்றது. முழுக்க நின்றது. வெட்டிய கதிரைச் சூடு வைத்து மிதித்தபோது களத்தில் விதானை மாமா பொலி பொலி என்று கூப்பிட்ட குரல் எனக்கு இப்போதும் நல்ல நினைவு. அந்த நெல்தான் மாசியில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அகதிகளாக ஓடிவந்த குடும்பங்களுக்குக் கஞ்சியாயிற்று. வைக்கோல் அடுத்த மாரிக்குப் பட்டிக்கு. பட்டியின் எரு அடுத்தவர் காணிக்கு. அதற்குப் பிறகு "எங்கட காணிக்கு எப்ப பட்டி வரும்?" என்று கேட்டுச் சண்டை பிடிக்காத வீடில்லை. சண்டை முடியும்வரை எங்கள் வட்டையில் ஒருவரும் யூரியாவுக்காகத் துறையில் போய்க் கெஞ்சவில்லை.

மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து மறுபடி ஆள் வந்தது. அக்கா என்னைப் பார்த்தார். "உன்ட விருப்பம்" என்றார். நான் சொன்னேன்: "சாணி மிதிச்ச காலைத் தூக்கிப் பாக்கிற வீட்டுக்கு நான் போகமாட்டன்." பிறகு யாரைக் கட்டினேன் என்று உறவுக்காரர்களுக்குத் தெரியும். அன்று வரம்பில் நின்று என்னிடம் ஏச்சு வாங்கியும் கம்பைக் கீழே போடாத மனிதரை. இன்றைக்கும் எருமையோடுதான் அதிகம் பேசுகிறார்.

சண்டைக்காலம் போய், மெசின் வந்தது, யூரியா வந்தது. அக்கா பட்டியை விடவில்லை. என் காணிக்குப் பக்கத்தில் ஒரு மேட்டுத் துண்டை வெட்டித் திருத்தி மகளுக்கென்று வைத்தார். மகளைப் படிப்பித்தார். மகள் இன்று செங்கலடியில் குடும்பமும் உத்தியோகமுமாக நன்றாக இருக்கிறாள். அத்தானின் படத்துக்கு அக்கா ஒருநாளும் மாலை போடவிடவில்லை.

கடைசி மாதங்களில் நெஞ்சு நோய் அக்காவைப் படுக்கையில் போட்டது. வாழ்நாளில் இருக்காத மனிதரைப் படுக்கவைத்தால் எப்படியிருக்கும்? ஆசுபத்திரிக் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டே கிடந்தார். நான் போனால் முதல் கேள்வி, "பட்டி எங்க நிக்கிது? மாத்தினீங்களா?" ஒரு பின்னேரம், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் போனபிறகு நான் கேட்டேன். இத்தனை வருடம் மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"அக்கா, அண்டைக்குக் கூட்டத்தில ஏன் என்னட்ட ஒரு சொல்லுக் கேக்காம என்ட காணிய எடுத்த நீ?"

அக்கா காலை ஆட்டுவதை நிறுத்தினார்.

"கேட்டிருந்தா நீ தந்திருப்பாய் புள்ள. உனக்கு வாய்தான் நீளம், மனசு அப்பிடியில்ல. ஓம் எண்டிருப்பாய். மறுகா மாப்பிள்ளை வீட்டார் வந்து ஏசக்குள்ள உன்னைத்தான் ஏசுவாங்க. தன்ட காணிய மாட்டுக்கு விட்ட பொம்பிளை எண்டு ஊர் முழுக்க உன்னைத்தான் சொல்லும். உனக்குக் கலியாணம் வராது. நான் கேக்காம எடுத்தபடியா ஏச்சு முழுக்க எனக்கு வந்திச்சு. உன்னை ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல, பாத்தியா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கத்தினேன். தாதி வந்து எட்டிப்பார்த்தார். அக்கா சிரித்துவிட்டு, "சரி போ, பட்டிய மாத்து" என்றார். அதுதான் எனக்குச் சொன்ன கடைசிச் சொல். மறுநாள் விடியப் போய்விட்டார்.

நன்றி சொல்லாமல் முடிக்கக் கூடாது. அக்காவைக் கடைசிவரை பார்த்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், மழைக்குள் பந்தல் போட்டவர்களுக்கும், பாடை சுமந்த விதானை மாமாவின் பிள்ளைகளுக்கும், எங்களுக்கு அடுப்பு எரியாத நாட்களில் சோறும் கறியும் கொண்டுவந்த அயலவர்களுக்கும், கடல் கடந்து இருந்து அழுத உறவுகளுக்கும் எங்கள் வீடு கடமைப்பட்டிருக்கிறது. அந்த மாரியில் ஒவ்வொரு நாளும் வரம்புப் புல்லை அறுத்துக் கொண்டுவந்த வீட்டாருக்கும் சேர்த்து நன்றி; அக்கா உங்களுக்கு அப்போது சொல்லியிருக்கமாட்டார்.

கடைசியாக ஒன்று. இது அக்காவின் மகளுக்கு. மகள், உன் மேட்டுத் துண்டை இந்த மாரிக்குக் குத்தகைக்குக் கொடுக்க நீயும் மருமகனும் பேசி வைத்திருக்கிறீர்கள் என்று அறிந்தேன். பட்டியை விற்பது பற்றியும் பேச்சு நடந்ததாம். நேற்றுக் காலை நானும் உன் சித்தப்பாவும் போய் உன் காணியைச் சுற்றி முள் வளைத்து, உன் அம்மாவின் பட்டியை அதற்குள் விட்டுவிட்டோம். குத்தகைக்காரருக்கும் சொல்லியாயிற்று. மருமகன் வீட்டார் கேட்டால், சித்திதான் செய்தாள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல். உண்மையும் அதுதானே. நான் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ தந்திருப்பாய்.

— தங்கச்சி